மெஷின் யாருடையது என்று கேட்டு வந்தவர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கேம் மெஷினைக் கழற்றவும் பூட்டவும் யோகன் உங்களுக்குச் சொல்லித் தருவான். அந்தக் கை எனக்குக் கிடையாது. நுவரெலியா பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கும் இந்தக் கேம் கடையில் நான் இத்தனை வருடம் செய்தது, கவுண்டரில் நின்று ஆட்களோடு பேசிய வேலை மட்டும்தான். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும்போதும் யாருடைய போனிலாவது ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதற்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கேட்டால் பயம் வரும். வரட்டும். கொஞ்சம் பயம் இருக்கிறவர்கள்தான் இந்தக் கவுண்டரில் கவனமாக நிற்பார்கள்.

நான் சேர்ந்த காலத்தில் கேம் என்றால் டிஸ்க். ஒருவர் வாங்குவார், தொழிலாளர் வரிசை வீடுகள் உள்ள ஒரு லயம் முழுக்க அது சுற்றும். கந்தப்பளைக்குப் போன டிஸ்க், கீறல் விழுந்து, பூண்டுலோயாக்காரர் ஒருவர் மூலம் எங்களிடமே விற்பனைக்குத் திரும்பி வரும். யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிறகு டிஜிட்டல் வந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான்: கேம் வாங்கியவரின் எக்கவுண்டில் இருக்கும். ஒருவர் வாங்கியதை அவர் எக்கவுண்ட் போட்ட மெஷினில் வீட்டில் உள்ளவர்களும் விளையாடலாம். மெஷின் உங்கள் மேசையில் இருந்தாலும், எக்கவுண்ட்காரர் எங்கேயோ உட்கார்ந்தபடி அந்தக் கேமைப் பூட்டிவிடலாம். நீங்கள் மெஷினைப் போட்டால் அவர் போனில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும், ஒரு சின்ன மணியும் அடிக்கும். சிநேகிதர்களுக்குள் இப்படிப் பகிர்ந்துகொள்வதை நாங்களே எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறோம். தர்ஷினி வரும்வரை அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தர்ஷினிக்கு முப்பது வயது இருக்கும். ஒரு நாள் காலையில், மழைக்கோட்டுக்குள் ஒரு பயணப் பையை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பைக்குள் கம்பளியில் சுற்றிய மெஷின்.

"அக்கா, கேம் எல்லாத்துலயும் பூட்டுப் படம் விழுந்துருச்சு. ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது."

யோகன் அதை எங்கள் வைஃபையில் இணைத்துப் பார்த்தான். "மெஷின்ல பிழை இல்லங்க. கேம் எல்லாம் வேற ஒரு எக்கவுண்ட்ல வாங்குனது. அவரு இந்த மெஷினுக்குக் குடுத்திருந்த அனுமதிய எடுத்துட்டாரு. யாரோடது இது?"

"வீட்டுக்காரரோடது."

"அப்ப அவருகிட்டயே சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல தொறந்து விடுவாரு."

அவள் மெஷினைச் சுற்றியிருந்த கம்பளியை மடித்தாள். பிறகு, "நான் வெளையாடுறது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும் தானே. நீங்க போட்ட ஒடனே அவருக்குக் காட்டும். எவ்வளவு நேரம் வெளையாடுனீங்கன்னும் காட்டும்," என்று யோகன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் சிரித்ததில் தப்பில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற விஷயம் அது.

தர்ஷினியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிப் பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் சுற்றிப் போய் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன்.

கல்யாணமாகிக் கொழும்பில் இருந்தவள். அவள் கணவர் அடிப்பவர். அடியைவிட அவளுக்குப் பயம், அவர் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் என்றாள். எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தாய், யாரோடு எவ்வளவு நேரம் பேசினாய், ஏன் சிரித்தாய். அவள் தப்பித்துத் தாய்வீட்டுக்கு, கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தாள். அவர் இரண்டு தடவை அங்கே வந்து லயத்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அதன்பிறகு அவள் யாருக்கும் சொல்லாமல் கந்தப்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தில் சித்தி வீட்டில் வந்து இருந்தாள். அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. போன் நம்பரை மாற்றிவிட்டாள். பழைய சிநேகிதிகள் எல்லோரையும் விட்டுவிட்டாள். மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அதுல ஒரு வீடு கட்டுற கேம் இருக்குக்கா. ஆத்தங்கரைல ஒரு வீடு கட்டிக்கிட்டு வாரேன். கொழும்புல இருக்கப்ப அவரு வெளிய போன நேரத்துல கட்ட ஆரம்பிச்சது. அத விட்டுட்டு வர மனசு வரல."

பிறகு தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். மெஷின் திரையில் வந்த செய்திகளைப் படம் பிடித்திருந்தாள். முதலாவதில், "இன்னைக்கு வேலைக்குப் போகலையா?" என்று இருந்தது. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், பகல் முழுக்க விளையாடியிருக்கிறாள். மெஷினிலேயே செய்தி அனுப்பலாம் என்பதை அவள் அதுவரை யோசித்ததே இல்லை. அடுத்தது பூட்டு விழுந்த அன்று வந்தது. "அங்க குளிர் அதிகமோ?"

எங்கள் முதலாளியை நாங்கள் நானா என்போம். வியாபாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் படித்தது. அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். யோகன் உடனே அந்த ஆளின் எக்கவுண்டை மெஷினிலிருந்து நீக்கிவிடலாம் என்று கையை நீட்டினான். நானா தடுத்தார்.

"பொறுங்க தம்பி. இப்ப நீங்க வெட்டினா அந்த ஆளுக்கு அது தெரிய வரும். தெரிஞ்சா என்ன செய்வாரு? நாங்க வீட்டுக்குப் போயிடுவோம், இந்தப் புள்ள எங்க போவா? மெஷின மூடி வைங்க. முதல்ல இவக்கு ஒரு பாதுகாப்பான எடம் பாப்பம். பொறகு வெட்டலாம்."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யோகன் சொன்னது மெஷினுக்குச் சரியான வைத்தியம். நானா மெஷினைப் பார்க்கவில்லை. சரியான வேலையையும் எந்த நேரத்தில் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

கேமில் அவள் கட்டிய வீட்டைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. கேம் அவருடையது என்றாலும், அவள் விளையாடிச் சேமித்தது அவள் பெயரில்தான் மெஷினுக்குள் கிடந்தது. அதே கேமை டிஸ்காக வாங்கிப் போட்டால் அந்த வீடு திறக்கலாம் என்று யோகன் சொன்னான். டிஸ்குக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கொழும்பில் சொல்லி வைத்தோம். மெஷின் எங்களிடமே இருக்கட்டும், டிஸ்க் வந்ததும் சொல்கிறோம் என்று அவளை அனுப்பினோம். போகும் முன் அவளை நானா தெருவின் எதிர்ச் சாரியில் இருக்கும் துணிக்கடைக்குக் கூட்டிப்போய்த் தன் மனைவியிடம் உட்கார வைத்தார். அவரை எல்லோரும் ராத்தா என்போம். ராத்தாவும் தர்ஷினியும் துணி மூட்டைகளுக்கு நடுவில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

டிஸ்க் காலையில் வந்துவிட்டது. தர்ஷினிக்குச் சொன்னோம், மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். நானா ஜும்மாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கடையில் நானும், துணித்திரைக்குப் பின்னால் வேலை மேசையில் யோகனும். வெளியே தெரு முழுக்க மூடுபனி இறங்கி, எதிர்ச் சாரிக் கடைகள் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் தெரிந்தன.

ஒருவர் உள்ளே வந்தார். நல்ல உடை, சவரம் செய்த முகம், கையில் ஒரு போன். கதவில் கால் மண்ணைத் துடைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்து, மரியாதையான மனிதர் என்றுதான் நினைத்தேன்.

"வணக்கங்க. ஒரு மெஷின் விஷயமா விசாரிக்கணும். என் வீட்டுல இருந்து களவு போனது. வாங்கின பில், பெட்டி நம்பர் எல்லாம் கொண்டு வந்திருக்கேன்."

பில்லைக் கவுண்டரில் விரித்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"எங்க கடைக்கு வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

போனைத் திருப்பிக் காட்டினார். தர்ஷினியின் விளையாட்டுப் பெயர், அதற்குக் கீழே அவளுடைய நண்பர்கள். அதில் எங்கள் கடையின் எக்கவுண்ட். கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்த பெயர் அது. புது டிஸ்க் வந்தால் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்ப வைத்திருந்தோம், யார் வேண்டுமானாலும் சேரலாம். அவளும் எப்போதோ சேர்ந்திருக்கிறாள். குளிர் அதிகமோ என்று அவர் கேட்டது எதை வைத்து என்று அந்த நொடியில் விளங்கியது.

"இதுல நெறையப் பேரு இருக்காங்க சார். முகம் தெரியாதவங்களும் சேருவாங்க," என்றேன்.

"இருக்கலாம்," என்று அவர் சிரித்தார்.

அப்போது அவர் போனில் அந்த மணி அடித்தது.

திரைக்குப் பின்னால் யோகன், வந்த டிஸ்க்கில் அவளுடைய வீடு திறக்கிறதா என்று பார்க்க மெஷினைப் போட்டிருக்கிறான். தர்ஷினி முதலில் வந்த அன்று கொடுத்த வைஃபையை மெஷின் மறக்கவில்லை. தானாக இணைந்துகொண்டது. அவர் போனைப் பார்த்தார். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. பிறகு தலையை நிமிர்த்தித் துணித்திரையைப் பார்த்தார்.

"இப்பதான் போட்டிருக்காங்க," என்றார் மெதுவாக. "உள்ள இருக்காளா?"

அவர் கவுண்டர் பலகையைத் தூக்குவதற்கு முன்னால் நான் வழியில் வந்து நின்றுவிட்டேன். எப்படி அவ்வளவு வேகமாக வந்தேன் என்று தெரியாது. "யோகன்!" என்று கூப்பிட்டேன். அவன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் மேசையில் மெஷின், அதன் திரையில் ஆற்றங்கரையில் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. வேறு யாரும் இல்லை.

அவர் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பொய் சொல்ல இடமில்லை. அதே நேரம் உண்மை முழுவதையும் கொடுத்துவிடவும் முடியாது. நான் பயத்தில் உளறாமல் இருக்க ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன்.

"மெஷின் திருத்த வந்தது சார். கொண்டாந்தவங்க கையிலதான் நாங்க குடுப்போம். இல்ல, பொலிஸ் வந்து கேட்டா பொலிஸுக்குக் குடுப்போம். உங்க கேம் எல்லாம் உங்க எக்கவுண்ட்லயே இருக்கு, அத ஒருத்தரும் எடுக்க ஏலாது. கொண்டாந்தவங்க எங்க இருக்காங்கன்னு மட்டும் எங்ககிட்ட கேக்காதீங்க. அத நாங்க யாருக்கும் சொல்றதில்ல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"சரிங்க. கொண்டாந்தவ எடுக்க வரணும் தானே? நான் இருக்கேன்."

வாசலுக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. யோகன் மெஷினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்: பஸ் வருகிற நேரம்.

என் போன் கவுண்டரில் கிடந்தது. அதை எடுத்தால் அவர் பார்ப்பார். உள்ளே போய்ப் பேசினால் அந்தத் துணித்திரை எதையும் மறைக்காது. அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலப் பேச ஆரம்பித்தார்.

"நான் டிஸ்க்கே வாங்குறதில்ல. டிஸ்க்குன்னா யாரு வேணும்னாலும் தூக்கிட்டுப் போயிறலாம். போனது எங்க போச்சுன்னே தெரியாது. இதுல அப்பிடியில்ல பாருங்க. எங்க கொண்டு போனாலும் எனக்குத் தெரியும். தொறந்து விடுறதும் நான்தான், பூட்டுறதும் நான்தான்." போனைத் தடவிக்கொண்டே சொன்னார். "அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டும் வெளையாடுறா. அப்பன்னா என்ன அர்த்தம்? என்னைய விட்டுப் போகலன்னுதானே அர்த்தம்?"

அவர் அதை மனசார நம்பிக்கொண்டிருந்தார். யோகன் பேசாமல் ஒரு திருகாணியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கடை போன் அடித்தது.

அவர் தலையைத் தூக்கினார். எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். எடுத்தேன்.

"அக்கா, நான் தர்ஷினி. பஸ் கொஞ்சம் வெள்ளனவே வந்துருச்சு. கடைக்கு எதிர்லதான் நிக்கிறேன். வாகனம் போகவும் ரோட்டக் கடந்துருவேன். டிஸ்க் வேல செய்யுதாக்கா?"

அவர் தலைக்கு மேலே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மூடுபனிக்குள் ஒரு குடை. குடைக்குக் கீழே காதில் போன் வைத்தபடி ஒரு பெண். அவர் திரும்பினால் போதும்.

"வணக்கம் சார்," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நீங்க கேட்டிருந்த கொழும்புச் சாமான் வந்திருச்சு சார். இப்ப கடையிலதான் இருக்கு. பெஞ்சுல வச்சிருக்கேன்."

"என்னக்கா சார்னு கூப்புடுறீங்க?"

"ஆமா சார், கொழும்புல இருந்து நேரா வந்தது. உங்க வீட்டுச் சாமான்தான். நான் பாத்துட்டேன். இன்னைக்கு நீங்க வர வேணாம் சார்."

மழைத்துளி குடையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், குடை அசையவில்லை. ரோட்டில் போன லொறி ஒன்று அவளை மறைத்துவிட்டுக் கடந்தது. அப்போதும் அங்கேயே நின்றாள்.

"அவரா?" என்று மூச்சாகக் கேட்டாள்.

"ஆமா சார். திரை சீலைத் துணி பாக்கணும்னீங்களே, அத ராத்தாகிட்ட பாருங்க சார். ராத்தா இருக்காங்க. ஒடனே போய்ப் பாருங்க, கடை பூட்டுறதுக்கு முன்னாடி."

குடை மெல்லச் சாய்ந்தது. திரும்பியது. நான்கு கடை தள்ளி ராத்தாவின் துணிக்கடைப் பக்கம் போய் மூடுபனிக்குள் மறைந்தது. நான் போனை வைத்தேன்.

"திரை சீலையும் விக்கிறீங்களா?" என்றார் அவர்.

"மொதலாளி வீட்டம்மா விக்கிறாங்க," என்றேன். இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ராத்தா எங்கே இருக்கிறார் என்று அவர் அடுத்ததாகக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடவுள் புண்ணியத்தில் அவர் கேட்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நானா வந்தபோது தலையில் தொப்பி இருந்தது. பள்ளிவாசலிலிருந்து வரும் வழியிலேயே ராத்தா அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நானா முகத்தில் எதுவும் காட்டவில்லை. அவரோடு பக்கத்து ஹோட்டல்காரரும், பஸ் நிலையத்து ஓட்டோக்காரர் இரண்டு பேரும் ஏதோ சாமான் பார்க்க வந்தவர்கள் போல உள்ளே வந்து நின்றார்கள். களவு போன மெஷின் என்று அந்த ஆள் சொன்னதை நான் நானாவிடம் சொன்னேன்.

"உங்கட மெஷின்னு சொன்னீங்களாம். பில் இருக்கா?"

"இருக்கு." அவர் கொடுத்தார். நானா வாசித்தார். யோகன் கவுண்டருக்குக் கொண்டுவந்த மெஷினைத் திருப்பி நம்பரைப் பார்த்தார்.

"சரிதான். உங்கட மெஷின்தான். எடுத்துட்டுப் போங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரம் நான் வழி மறித்து நின்றது எதற்கு? வந்தவரோ பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"மெஷின் எனக்கெதுக்குங்க? அத எப்ப வேணும்னாலும் வாங்கலாம். அவ அட்ரஸக் குடுங்க."

"அப்ப நீங்க களவு போன மெஷினத் தேடி வரல்ல," என்றார் நானா, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க ஒரு பொம்புளயத் தேடி வந்திருக்கீங்க. அத நீங்களே நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க. தங்கச்சி, பொலிஸுக்கு எடுங்க."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. பெஞ்சிலிருந்து எழுந்து கவுண்டர் வரைக்கும் வந்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டினேன். ஓட்டோக்காரர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். அவர் மெஷினைப் பிடித்து இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவ கட்டுன வீடு இதுக்குள்ள இருக்கு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இதுக்காகவாச்சும் வருவா."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். கார் ஒன்று ஸ்டார்ட் ஆகிப் போனது. யோகன் அதன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

பொலிஸிலிருந்து பெண் அதிகாரி ஒருவர் ராத்தாவின் கடைக்கே வந்தார். தர்ஷினி துணி மூட்டைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரியைப் பார்த்தும் எழுந்திருக்க முடியவில்லை. "பய வென்ன எபா நங்கி," பயப்படாதே தங்கச்சி என்று சிங்களத்தில் சொல்லி, அவரும் தரையிலேயே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். படம் பிடித்து வைத்திருந்த செய்திகளையும் வாங்கிப் பார்த்தார். கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் நடந்ததைச் சொன்னோம். களவுப் பொருள் தேடி வந்தவர், பொருளைக் கொடுத்தபோது வேண்டாம் என்றார் என்பதை அதிகாரி இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். நானா ஏன் மெஷினைக் கொடுக்கச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

மெஷின் போய்விட்டது என்று தர்ஷினியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

"போகட்டும்கா. அந்த வீட்டுலயும் அவருதான் இருந்திருக்காரு. எனக்குத்தான் தெரியல."

அவளைக் கந்தப்பளைக்குத் திருப்பி அனுப்பவில்லை. ராத்தாவுக்குத் தெரிந்த ஒரு டீச்சரின் வீடு பூண்டுலோயாவில் இருந்தது. நானாவின் வேனில், பின்சீட்டில் படுத்தபடி போனாள். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு கார் வெகுதூரம் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. நானா வேனை ஓரமாக நிறுத்தினார். அது எங்களைக் கடந்து போனது. உள்ளே ஒரு குடும்பம், தூங்கும் குழந்தை. அதற்குப் பிறகும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பிறகு நீதிமன்றத்தில், அவர் அவளுக்குக் கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு கிடைத்தது. உத்தரவு கையில் இருந்தும் அவள் பயந்தாள். நானும் பயந்தேன். வெகுநாள் வரை கதவைப் பார்க்கிற மாதிரிதான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டதாக ராத்தா யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னார். உண்மையா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கடை எக்கவுண்டின் பெயரிலிருந்து ஊர்ப் பெயரை யோகன் எடுத்துவிட்டான். யார் யாருக்கு நண்பர் என்பது வெளியாருக்குத் தெரியாதபடி மறைத்தும் வைத்தான். நீங்கள் அதை மாற்றாதீர்கள்.

தர்ஷினி ஒரு வருடம் போலக் கழித்துக் கடைக்கு வந்தாள். சதை பிடித்திருந்தாள். இன்டர்நெட் இல்லாமலே ஓடும் பழைய மெஷின் ஒன்று வேண்டும் என்றாள். அந்த மெஷினுக்கான அதே கேமின் பழைய டிஸ்க்கையும் யோகன் எங்கேயோ தேடி வாங்கி வைத்திருந்தான். அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதப் போட்டா யாருக்கும் தெரியாது தானே?"

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்றான் யோகன்.

டிஜிட்டல் கெட்டது, டிஸ்க் நல்லது என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. மலையில் டிஸ்க் கிடைக்காத கேமுக்கு எக்கவுண்டைப் பகிர்ந்து எத்தனையோ பேர் சந்தோஷமாக விளையாடுகிறார்கள். நீங்களும் அதைப் போட்டுக் கொடுங்கள். ஆனால் பில்லைக் காட்டி வருகிறவர் மெஷினுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம், மெஷினை மடியில் வைத்திருப்பவருக்கு அவர் சொந்தக்காரர் ஆகமாட்டார். இரண்டையும் ஒன்றாகக் கட்டி யாராவது கேட்டால், அவிழ்த்துத் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பேசாமல் நில்லுங்கள்.

அதற்குப் பிறகு மெஷின் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் நான் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். "இதுல இருக்கிற எக்கவுண்ட் யாரோடது? நீங்க எப்ப வெளையாடுறீங்கன்னு அவருக்குத் தெரியிறதுல உங்களுக்குச் சம்மதமா?" பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சத்தமில்லாமல் கேட்பேன். அனேகமாக எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனோடது, மச்சானோடது, அவனுக்குத் தெரிஞ்சா என்னக்கா என்பார்கள். நானும் சிரித்துவிட்டு மெஷினை வாங்கி வைப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த ஒரு பிள்ளை மெஷினோடு வந்தாள். வழக்கம்போல் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.